புழக்கடைக் கிணறும் தறிக்குழியும்

ஆரணிப் பட்டுக்கு வேண்டிய நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. சாயப்பொடியோ இரண்டு தலைமுறைக்கு மேலாக எங்கோ ஒரு தொழிற்சாலையில் அடைபட்ட டப்பாவில் வந்து சேருகிறது. நெய்து முடிந்த சேலையும் ஊரில் தங்குவதில்லை. கல்யாணப் பருவம் எங்கே கூடுகிறதோ அங்கே போய்விடுகிறது. ஆகவே அந்தச் சேலையில் ஆரணி மண்ணுக்கே உரித்தானவை என்று துணிந்து சொல்லத்தக்கவை இரண்டே: நெய்கிறவருடைய கை ஒன்று, நூலை அவித்து அலசிச் சாயம் தோய்த்த தண்ணீர் மற்றொன்று. கையின் பெருமையைப் பாடியவர்கள் உண்டு. தண்ணீரைப் பற்றியும், அதைத் தந்த புழக்கடைக் கிணற்றைப் பற்றியும், சேந்திய ஜலம் வீட்டைவிட்டு வெளியேறிய ஜலதாரையைப் பற்றியும் எழுத யாருக்கும் அவ்வளவு ருசி இருந்ததில்லை. சாக்கடை சரித்திரத்துக்குரிய விஷயமென்று நம்மவர்கள் கருதுவதில்லை.

ஜவ்வாது மலையில் பிறந்து, படவேட்டு ரேணுகாம்பாள் சந்நிதிப் பக்கமாக இறங்கி, ஆரணியைத் தொட்டுக்கொண்டு போய்ச் செய்யாற்றில் கலக்கிற கமண்டல நாகநதியின் கரையில் இந்த ஊர் அமைந்திருக்கிறது. ஜமதக்னி முனிவரின் கமண்டலத்தோடு நதியின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் புராணமும், தசரதன் புத்திரகாமேஷ்டி செய்த ஸ்தலம் இதன் கரையிலுள்ள புத்திரகாமேட்டீஸ்வரர் கோயிலே என்று சொல்லும் ஐதிகமும் பிரசித்தமானவை. ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி இந்த நதியில் ஓடுவது வெயில்தான். அதன் உபகாரமெல்லாம் மேலே ஓடும் வெள்ளத்தைக் காட்டிலும் மணலுக்கடியில் ஊறும் ஈரத்தாலேயே நடந்துவந்திருக்கிறது. கரையை அடுத்த தெருக்களில் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்தது அந்த ஈரமே. கரையைவிட்டு விலகிப் போகப் போக, மேலே சிறிது மண், அதன்கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல் என்று பூமியின் சுபாவம் மாறிவிடும். அங்கே கிணற்றின் ஆயுள், சிதைந்த பாறையின் கனத்தையும், அது குடித்துவைத்த மழையின் அளவையும் பொறுத்தது. தென்மேற்குப் பருவத்தில் பாதியும் வடகிழக்குப் பருவத்தில் பாதியுமாகச் சற்றேறக்குறைய 40 அங்குல மழை பெறுகிற பிரதேசம் இது. கொடுத்துவைத்த பூமி என்றோ வறண்ட பூமி என்றோ ஒரே வார்த்தையில் முடிவு கட்ட முடியாதது.

தமிழ்நாட்டில் கிணற்றின் பிராசீனத்துக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டிருக்கின்றன. திருவெள்ளறையில், தந்திவர்ம பல்லவன் காலத்தில், கம்பன் அரையன் என்பவர் தோண்டிவைத்த மார்ப்பிடுகு பெருங்கிணறு, ஸ்வஸ்திக வடிவத்தில் நான்கு பக்கமும் படிகளோடு, 1200 ஆண்டு கழிந்தும் இன்றும் நிற்கிறது. பூமிக்கடியில் ஜலம் இருக்கும் இடத்தை மரங்களையும் புற்றுகளையும் கொண்டு அறியும் உபாயங்களுக்கு வராஹமிஹிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் இவையெல்லாம் ராஜாக்களும் பண்டிதர்களும் சம்பந்தப்பட்டவை. கைத்தறிக்காரர் வீட்டுப் பின்புறத்தில், ஐந்தாறு அடி விட்டத்தில், கல்வெட்டு எதுவுமில்லாமல் தோண்டப்பட்ட சேந்துகிணற்றுக்கு எந்தச் சாசனமும் இல்லை. அதன் வயதைக் கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்பிலும், கயிறு உராய்ந்த கல்லின் தேய்மானத்திலும்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஷாஜியின் ஆதரவால் மராட்டிய வேதாஜி பாஸ்கர் பந்தின் குடும்பத்தாருக்கு ஆரணி ஜாகீராக வந்தது. அவர்களுடைய அரண்மனை ஊருக்கருகே நதியோரத்திலுள்ள சத்தியவிஜயநகரத்தில் இருந்தது. 1751-ல் கிளைவ், ராஜா சாகிபின் சேனையை ஆரணிக்கருகே முறியடித்ததையும், 1782-ல் அதே பூமியில் ஐர் கூட்டும் ஹைதர் அலியும் மோதிக்கொண்டதையும் சரித்திரப் புஸ்தகங்கள் விஸ்தாரமாகவே சொல்கின்றன. ஆயிரக்கணக்கான குதிரைகளும் மாடுகளும் மனிதர்களும் ஒரே சமயத்தில் ஓர் ஊரை வந்தடையும்போது அந்த ஊர்க் கிணறுகளின் கதி என்னவாகியிருக்கும் என்பதை மட்டும் அவை சொல்வதில்லை, வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நெசவாளர் வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டாலன்றி இந்தக் கிணற்றின் அருமை விளங்காது. தெருவில் அகலம் குறைவாகவும் உள்ளே நீளம் அதிகமாகவும், ரயில் வண்டியைப் போல ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடரும் கட்டுகளைக் கொண்ட வீடு அது. முன்னே திண்ணை; அதையடுத்து வெளிச்சம் விழும் கூடத்தில் தறி; அப்பால் முற்றமும் தாழ்வாரமும்; பின்னே அடுக்களை; அதற்கும் பின்னே புழக்கடையும் கிணறும். மனையடி சாஸ்திரம் கிணற்றுக்கு ஈசானிய மூலையைத்தான் சொல்லுகிறது. கிழக்குப் பார்த்த வீட்டில் ஈசானியம் வாசற்பக்கமாக அமைந்துவிடும். அங்கே கிணற்றை வெட்டினால் தறிக்கும் பாவுக்கும் இடம் ஏது? எனவே கொல்லைக்குள்ளேயே ஓர் ஈசானியத்தைக் கற்பித்துக்கொண்டு திருப்தியடைந்தவர்கள் பலர். சாஸ்திரமும் இந்த ஊரில் தறிக்கு வழிவிட்டே வாழ்ந்திருக்கிறது.

கிணறு வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள், முன்னாளில் ஒட்டர் என்று அழைக்கப்பட்ட போயர்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையுமே அவர்களுடைய கருவிகள். மண்ணின் நிறமும் வாசனையும் மாறுவதைக் கொண்டே ஊற்று இன்னும் எத்தனை முழத்தில் என்று சொல்லிவிடுவார்கள். ஊற்றுக் கண்டதும் அடியில் நெல்லிக்கட்டையைப் போட்டு, அதன்மேல் செங்கல்லோ கருங்கல்லோ கொண்டு சுற்றுக்கட்டு எழுப்புவது வழக்கம். நெல்லிக்கட்டை ஜலத்தின் உவர்ப்பை மாற்றுமென்பது ஜனங்களின் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மையாயினும், தண்ணீரில் கிடந்தும் சுலபத்தில் மக்காத மரத்தை அஸ்திவாரத்துக்குத் தேர்ந்தெடுத்த புத்தியைப் பாராட்டாமலிருக்க முடியாது. வெட்டி முடிந்ததும் முதல் குடம் தண்ணீரில் பருப்பு வேகவைத்துப் பார்ப்பார்கள். பருப்பு மலர்ந்து வெந்தால் அது நல்ல தண்ணீர். விறைத்துக்கொண்டு நின்றால் பாத்திரம் தேய்க்கவும் குளிக்கவும் மாத்திரம் உதவும் சப்பைத் தண்ணீர்.

அடுக்களையின் இந்தப் பரீட்சைதான் சாயப்பட்டறையின் பரீட்சையும் என்பது விசேஷம். புழு தன் வாயிலிருந்து விடுகிற இழையின்மேல் ஒரு பசை படிந்திருக்கிறது. அந்தப் பசையைப் போக்கினாலன்றி நூலுக்கு மினுமினுப்பும் வராது, சாயமும் பிடிக்காது. அதற்காகச் சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் பட்டைப் போட்டு அவிப்பார்கள்; அவித்தெடுத்தபின் நிறுத்துப் பார்த்தால் கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருக்கும். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீராக இருந்தால் சோப்பு நுரைப்பதற்குப் பதில் திரிந்துபோய், பாலாடை மாதிரி நூலில் ஒட்டிக்கொள்ளும். அவ்விடத்தில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். பருப்பை வேகவிடாத அதே குணமே இதற்கும் காரணம். ஒரு கிலோ பட்டை அவிப்பதற்கு மட்டுமே முப்பது லிட்டர் தண்ணீர் கொள்ளும். பிறகு அலசுவதற்கும், தாமிர அண்டாவில் சாயம் தோய்ப்பதற்கும், தோய்த்ததை மறுபடி மறுபடி அலசுவதற்கும் வேண்டியது தனி. இப்படிப் பார்த்தால் ஒரு தெருவில் நல்ல தண்ணீர்க் கிணறு எந்த வீட்டில் இருக்கிறது என்பது தொழில் சம்பந்தப்பட்ட ஒரு ரகசியத்துக்குச் சமானம்.

சேந்திய தண்ணீர் அத்தனையும் எங்கேயாவது போய்ச் சேரவேண்டுமே! அங்கேதான் தறிக்குழி குறுக்கிடுகிறது. ஆரணியின் பழைய தறி குழித்தறி. தரையில் இரண்டரை, மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, மிதிகளை அதற்குள் அமைத்து, நெய்கிறவர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வார். பூமியோடு பூமியாக இருப்பதால் தறி அசையாது. பள்ளத்தின் குளிர்ச்சியில் நூலும் வெடவெடவென்று அறுந்து போகாது. கோடைக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு இல்லை. ஐப்பசியிலோ அந்தச் சௌகரியமே சத்துருவாகிவிடுகிறது. நான்கு நாள் விடாமல் பெய்தால், முதலில் குழியின் மூலையில் மண் கறுத்துக் கசியும். மறுநாள் மிதிக்கட்டை உப்பி இறுகும். அதற்கு மறுநாள் கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர் நிற்கும். நேராகக் கூரையிலிருந்து ஒழுகியதானால் கூரையைச் செப்பனிடலாம். இதுவோ நிலத்தடியிலிருந்து மேலே ஏறிவந்த ஊற்று. காலையில் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். மாலையில் மறுபடி நிறைந்திருக்கும். பாவில் ஈரம் ஏறினால் அச்சில் இழை சிக்கும், சரிகை மங்கும். தெருவில் பாவு நீட்டவும் மழை விடாது. இரண்டு வாரம் தறி நின்றுபோனால் கூலிக்கு நெய்கிற குடும்பத்துக்கு அது தீபாவளிக் கடனில் போய் முடியும். கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டதென்று ஊரே மகிழ்கிற அதே வாரத்தில் தறிக்குழிக்குள்ளும் அதே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை, நெசவுத் தெருவில் வாழாதவர்கள் யோசித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பழைய வீடுகளைக் கட்டினவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தெருமட்டத்துக்கு மேலே நல்ல உயரத்தில் தளம் போட்டார்கள். ஓட்டுக் கூரையின் மழைநீர் முற்றத்தில் விழும்; முற்றத்து மூலையில் கல்லில் குடைந்த தூம்பு வழியாக அது சுவருக்கடியில் போய்த் தெருவிலோ கொல்லையிலோ வெளிப்படும். கிணற்றடியில் துவைகல்லும் அதைச் சுற்றிய தளமும் கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாகவே சாய்ந்திருக்கும். அங்கிருந்து ஒரு சிறு வாய்க்கால் நீரைக் கொண்டுபோய் வாழைக்கும் தென்னைக்கும் கனகாம்பரத்துக்கும் பாய்ச்சும். அடுக்களைத் தண்ணீருக்கு வேறு வழி. ஒன்றோடொன்று கலவாமல், கிணற்றுப் பக்கம் திரும்பாமல், தறியிருக்கும் கூடத்துக்கு அடியில் தேங்காமல் ஜலத்தை வெளியேற்றிய இந்த வித்தைக்கு ஓவர்சீயரும் இல்லை, வரைபடமும் இல்லை. கொத்தனார் ஒரு கிண்ணம் தண்ணீரைத் தரையில் கொட்டி அது ஓடும் திசையைப் பார்த்துச் சரி செய்வார், அவ்வளவே.

இந்தக் கிணறுகளைப் பற்றி மதுரமாகவே பேசிக்கொண்டு போவது நியாயமாகாது. கொல்லையில் சொந்தக் கிணறு உள்ளவர்களுக்குத் தண்ணீர் சௌகரியம், இல்லாதவர்களுக்குப் பொதுக்கிணறு, அந்தப் பொதுக்கிணறும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. பொதுவீதிகளையும் கிணறுகளையும் குளங்களையும் எல்லா ஜாதியாரும் தடையின்றி உபயோகிக்கலாமென்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். எம்.சி. ராஜாவின் முயற்சியால் அதற்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது 1938-ல். சட்டம் வந்த பிறகும் எத்தனையோ கிராமங்களில் கிணற்றடி மாறாமலே கிடந்தது. புழக்கடைக் கிணற்றுக்கு வீட்டின் வழியாக மட்டுமே பாதை அமைந்திருந்ததற்குச் சௌகரியம் மாத்திரம் காரணமல்ல. பிறர் தொடாத தண்ணீர் என்ற எண்ணமும் அந்தச் சுவருக்குள் கலந்திருந்தது. பழைய கிணற்றைப் புதுப்பிக்கிற நாம் அந்தப் பழைய எண்ணத்தையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிணறுகளுக்கு வேறொரு விதமான கவனிப்பும் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருஷப் பஞ்சம் ஆரணியை உள்ளடக்கிய வட ஆற்காட்டை வாட்டியெடுத்தபின், 1883-ல் இயற்றப்பட்ட நில அபிவிருத்திக் கடன் சட்டத்தின்படி கிணறு வெட்டச் சர்க்கார் தக்காவிக் கடன் கொடுத்தது. பஞ்சத்தோடு கூடவே வந்த காலரா, கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தது. ஆக்ராவில் சர்க்கார் ரசாயனப் பரிசோதகராயிருந்த ஹான்கின், கிணற்றில் பெர்மாங்கனேட் கரைத்து விடும் முறையை 1890-களில் பிரசாரம் செய்தார்; பிற்காலத்தில் அந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் பிடித்துக்கொண்டது. ஊர்க் கிணறுகளின் தண்ணீர் ரோஜா நிறத்தில் வந்த நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்றொரு எஞ்சினீயர் இருந்தார். கிணற்றில் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் பொருத்தித் தண்ணீர் இறைக்கலாமென்று விடாப்பிடியாகப் பிரசாரம் செய்தவர் அவர். சேலத்தில் நெசவுச்சாலை ஏற்படுத்தி, கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவைக் கைத்தறிக்காரர்களிடையே பரப்ப முயன்றவரும் அவரே. நீர் இறைக்கும் கவலை மாட்டின் வேலையையும், ஓடம் எறியும் கையின் வேலையையும் ஒரே மனிதர் இயந்திரத்திடம் ஒப்படைக்கப் பார்த்தது விசித்திரமான ஒற்றுமை. நாடாவைப் பட்டுத்தறி மெதுவாக, தன் இஷ்டப்படிதான் ஏற்றுக்கொண்டது. பம்புக்கு ஏற்பட்ட வரவேற்போ வேறு. சுதந்திரத்துக்குப் பின் கிராமங்களுக்கு மின்சாரம் வந்ததும், வட ஆற்காட்டு வயல்களில் ஏற்றமும் கவலையும் ஒரு தலைமுறைக்குள் காணாமற்போயின. 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் முற்றும் இலவசமாயிற்று.

அதன் விளைவை ஆரணியைச் சுற்றியே சிலர் கூர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1973 முதல் நாற்பது வருஷ காலத்துக்கு மேல் இந்த ஊரின் கடைகளையும் அரிசி ஆலைகளையும் பட்டு வியாபாரத்தையும் திரும்பத் திரும்ப வந்து கணக்கெடுத்தார்; ஒரு சாதாரண ஜில்லாப் பட்டணத்துக்கு இப்படியொரு சரித்திராசிரியர் வாய்ப்பது அபூர்வம். அவரோடு சேர்ந்து உழைத்த எஸ். ஜனகராஜன், இப்பிரதேசத்துக் கிணறுகளை ஆராய்ந்து, ஒருவர் ஆழப்படுத்தினால் அடுத்தவரும் ஆழப்படுத்தியே தீரவேண்டிய போட்டி எப்படி ஏழை விவசாயியைக் கடனிலும், கடைசியில் கிணற்றையே கைவிடும் நிலையிலும் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை விளக்கினார். கிணற்றுக்குள் போர் போட்டு, அது போதாமல் பக்கவாட்டில் சைடு போர் போட்டு, அதுவும் போதாமல் தனியே ஆழ்துளைக் கிணறு இறக்கினால், சுற்றுவட்டாரத்து மேல்நிலை ஊற்றுகள் வற்றாமல் என்ன செய்யும்?

ஆனால் ஊருக்குள்ளிருந்த புழக்கடைக் கிணறுகள் அழிந்ததற்கு ஊற்று வற்றியது ஒரு காரணமே தவிர முழுக்காரணமன்று. என் அபிப்பிராயத்தில் அவற்றை அழித்தவை குழாயும் செப்டிக் டாங்கும் ரோடும். குழாய் வந்ததும் ராட்டினம் துருவேறியது. சேந்தாத கிணறு கெட்டுப்போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். பிறகு எடுப்புக் கக்கூஸ் என்ற மனிதத்தன்மைக்கு இழுக்கான ஏற்பாடு ஒழிந்து வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க் வந்தது, வரவேண்டியதுதான். ஆயினும் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி தூரம் வேண்டுமென்று சுகாதார நூல்கள் விதிக்க, பதினைந்தடி அகல மனைகள் நெருக்கியிருக்கும் நெசவுத் தெருவில் நம் கிணற்றிலிருந்து நம்முடைய டாங்கைத் தள்ளிவைத்தால், அது அடுத்த வீட்டுக் கிணற்றை நெருங்கிவிடுகிறது. மூன்றாவதாக, தெருவுக்கு ரோடு போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, முன்பு இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகும்படி செய்துவிட்டார்கள். முற்றத்துத் தூம்பின் வாய் ரோட்டுக்கடியில் புதைந்துபோயிற்று. வெளியே போகவேண்டிய மழைநீர் உள்ளே திரும்பியது. ஈரத்துக்கு அஞ்சி குழியை மூடிவிட்டு மேடைமேல் சட்டத்தறிக்கு மாறினவர்களும் உண்டு, தறியையே கழற்றிப் பரணில் போட்டவர்களும் உண்டு.

தேங்கின சாக்கடை வேறொரு கடனையும் வசூலித்தது. யானைக்கால் வியாதியின் புழு கொசுவின் உடலில் வளர்கிறதென்று பாட்ரிக் மான்சன் கண்டுகொண்டது 1877-ல். இந்திய சர்க்கார் அதற்கென்று தனித் திட்டம் தொடங்கியது 1955-ல். அந்த வியாதியைப் பரப்புகிற கொசு தெளிந்த நீரைவிட அழுகின சாக்கடை நீரையே விரும்பி முட்டையிடும். வட ஆற்காடு இந்த வியாதியால் பல தலைமுறைகள் வருந்திய ஜில்லா. சாயத் தண்ணீரின் கதையும் உண்டு. நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லாரும் அறிந்தவை. ஆரணியின் பட்டறைகள் அவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. ஆயினும் சாக்கடை ஒருநாள் அரக்காகவும் மறுநாள் மாம்பழ வர்ணமாகவும் ஓடுகிற தெருவில் கிணற்றை நம்புவது எப்படி?

பழைய கிணற்றைச் சீர்திருத்த விரும்புகிறவர்கள் எடுத்தவுடனே தூர் வாருகிறார்கள். வரிசை அதற்கு நேர்மாறாக இருக்கவேண்டும் என்பதே இவ்வளவு சரித்திரத்திலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது. முதலில் மழைநாளில் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்று பார்க்கவேண்டும். தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி, தறிக்குழியின் அடிமட்டத்துக்குக் குறையாத ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டத்தில் அதைத் தாழ்ந்த பக்கத்துக்குக் கொண்டுபோனால், குழிக்கு வரும் கசிவில் பெரும்பங்கு அங்கேயே தடுக்கப்படும். குளிக்கிற தண்ணீருக்கும் துவைக்கிற தண்ணீருக்கும் மூன்றடிக்கு மூன்றடியில் உடைந்த செங்கல்லும் மணலும் நிரப்பின உறிஞ்சுகுழி போதும். அதுவும் கிணற்றுக்கும் தறிக்கும் எட்டியிருக்க வேண்டும். சாயத் தண்ணீரை அந்தக் குழியில் விடவே கூடாது.

இவ்வளவும் ஆனபின் தூர் வாரலாம். சித்திரை வைகாசியில் தண்ணீர் அடியில் இருக்கும்போது ஆட்கள் இறங்குவார்கள். மேலே இருவர் கயிற்றைப் பிடிக்க, கீழே ஒருவர் சேற்றை வாளியில் அள்ளி நிரப்ப, கறுத்து நாறும் சகதி கொல்லையில் குவியும். அதில் தேங்காய்த் தொட்டியும், அறுந்த தாம்புக் கயிறும், என்றோ பாதாளக் கரண்டிக்கு அகப்படாமல் தப்பின பித்தளைச் செம்பும், சதுர்த்திக்குக் கரைத்த பிள்ளையாரின் பாதி உருவமும், சில வீடுகளில் தார்க்குச்சிகளும்கூட வெளிப்படும். சுற்றுக்கட்டின் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்றைக் கிள்ளினால் போதாது. வேரோடு பெயர்த்து அந்த இடத்தைப் பூசவேண்டும். மேலிருந்து 20 அடிவரை சுவரில் கசிவு இல்லாதபடி பூசிவிட்டால், மேல்மண்ணின் அழுக்கு நேராக உள்ளே வராது. அதற்கும் கீழே ஊற்றுக்கண்களை அடைக்காமல் விட்டுவிட வேண்டும். அடியில் கழுவின ஆற்றுமணலும் கூழாங்கல்லும் பரப்பி, மேலே இரண்டரை அடிக்குக் கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சாய்ந்த தளமும் கட்டி, வலை போட்டு மூடினால் கிணறு கிணறாயிற்று. ஆறடி விட்டமும் பத்தடித் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 8,000 லிட்டர் இருக்கும். அதற்குச் சாதாரணமாக 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்தால் போதுமென்பது சுகாதார நூல்களின் கணக்கு. புதிதாகத் தூர் வாரின கிணற்றுக்கு இன்னும் அதிகம் வேண்டும். குடிப்பதானால் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் குடிப்பதே நல்லது. செப்டிக் டாங்க் பக்கத்திலிருந்தால் பரிசோதனை கைகொடுத்தாலும் காய்ச்சாமல் குடிக்கவேண்டாம்.

2003-ல் தமிழக அரசு கட்டிடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரெங்கும் குழாய்கள் முளைத்தன. அவற்றில் பல, எந்த ஜலத்தையும் எங்கும் சேர்க்காமல் சுவருக்கு அலங்காரமாக நின்றுவிட்டன. கைவிட்ட கிணறு உள்ள வீட்டுக்கோ அந்தச் சட்டம் உண்மையான வரம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 40 அங்குல மழை விழுந்தால் கணக்குப்படி 94,000 லிட்டர். சிந்தினது சிதறினது போக முக்கால்பங்காவது, மணலும் ஜல்லியும் கரியும் இட்ட தொட்டி வழியாக வடிந்து கிணற்றுக்கு வந்து சேரும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதோடு போகும். தறிக்குழி இன்னும் இருக்கிற வீடானால், கிணற்றின் நீர்மட்டம் குழியின் அடிமட்டத்தை நெருங்குவதற்கு முன்பே மிகுதியை வெளியேற்ற ஒரு வடிகாலும் அவசியம். சேர்ப்பதற்கு வழி செய்து வடிவதற்கு வழி செய்யாமல் விட்டால் பழைய கதையே திரும்பும்.

கடைசியாக ஒரு வார்த்தை. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் விஷக்காற்று தங்கியிருக்கும். ஒருவர் மயங்கி விழ, அவரை எடுக்க இறங்கின மற்றவரும் மாண்ட செய்திகள் ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கின்றன. எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது அணைந்தால் யாரும் இறங்கலாகாது என்பது பழைய சம்பிரதாயம். அணையாமல் எரிந்தாலும் அபாயம் இல்லையென்று பொருளில்லை. இலைக்கொத்தைக் கட்டி மேலும் கீழுமாக வெகுநேரம் ஆட்டியோ, மின்விசிறி வைத்தோ காற்றைப் புதுப்பித்து, இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நிற்காமல் யாரையும் கிணற்றில் இறக்காதீர்கள்.